டிக்கெட் எடுக்கும்போது இருக்கும் கண்டிப்பு பெட்டிக்குள் ஏன் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரயில் முன்பதிவு விதிகள் மாறுகின்றன என்ற செய்தி உங்கள் நாளிதழில் கொஞ்ச காலமாகவே அடிக்கடி வருகிறது. அறுபது நாள், ஆதார், ஓடிபி, யாருக்கு எந்த பெர்த் என்று இறுதிப் பட்டியல் (சார்ட்) போடும் நேரம் என்று ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இவற்றை எதிர்த்து எழுத நான் உட்காரவில்லை. பாதிக்கு மேல் நல்ல மாற்றங்கள், எப்போதோ செய்திருக்க வேண்டியவை. என் கேள்வி ஒன்றுதான். டிக்கெட் எடுக்கும்போது நான் யார், என் ஆதார் எது, என் போன் நம்பர் எது என்று இவ்வளவு துருவிப் பார்க்கிற ரயில்வே, அந்த டிக்கெட்டில் நம்பர் போட்டுக் கொடுத்த பெர்த்தில் ராத்திரி யார் படுத்திருக்கிறார் என்று ஏன் பார்ப்பதில்லை?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். அப்போது பலருக்கும் கோபம். எனக்கு அது சரியென்றே பட்டது, நாலு மாதம் கழித்து எந்தத் தேதியில் எங்கே இருப்போம் என்று எத்தனை பேரால் உறுதியாகச் சொல்ல முடியும்? எதற்கும் ஒன்று எடுத்து வைப்போம், தேவையில்லை என்றால் கேன்சல் பண்ணிக்கொள்ளலாம் என்று எடுத்தவர்கள்தான் அதிகம். 61 நாள் முதல் 120 நாள் வரை முன்கூட்டி எடுத்த டிக்கெட்டுகளில் ஏறத்தாழ 21 சதவீதம் ரத்தாகிறது என்று ரயில்வேயே சொன்னது. இப்போது ஜனவரி 12ஆம் தேதி பொங்கல் வண்டிக்கு நவம்பர் 13 காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் போதும். கிடைக்குமா என்பது வேறு விஷயம். பாண்டியனும் நெல்லையும் பொதிகையும் பண்டிகை நேரத்தில் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகின்றன, அறுபது நாளாக இருந்தாலும் நூற்றிருபது நாளாக இருந்தாலும் வண்டியில் இருக்கும் பெர்த் அத்தனைதானே. விதியை மாற்றினால் பெர்த் கூடிவிடாது, யாருக்குப் போகிறது என்பது மட்டும்தான் மாறும். அதுவாவது நியாயமாக நடக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

பயணத்துக்கு முந்தின நாள் எடுக்கிற தட்கலுக்கு வருவோம். 2025 ஜூலை 1 முதல் ஆதாரைச் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஐஆர்சிடிசியில் தட்கல் எடுக்க முடியும். ஏசிக்குப் பத்து மணிக்கும் மற்றவற்றுக்குப் பதினொரு மணிக்கும் திறக்கும்போது முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகள் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்பே 2.5 கோடி போலிக் கணக்குகளை முடக்கியதாகவும் அறிவித்தார்கள். அந்த எண்ணிக்கையைப் படித்தபோதுதான், பத்து மணி அடித்ததும் நம் திரையில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததன் காரணம் எனக்குப் புரிந்தது. நாம் ஒவ்வொரு எழுத்தாகப் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தபோது எவனோ ஒருவன் மென்பொருளை வைத்து மொத்தமாக அள்ளியிருக்கிறான். அதை அடைத்தது பெரிய விஷயம். 2025 அக்டோபர் 1 முதல் சாதாரண முன்பதிவிலும் முதல் 15 நிமிடத்துக்கு ஆதார் கட்டாயம் என்று கொண்டுவந்ததையும் இதே காரணத்துக்காக வரவேற்கிறேன்.

ஆனால் கவுண்டர்? கவுண்டரில் தட்கல் எடுப்பவர்களுக்கும் ஓடிபி வேண்டும் என்று 2025இல் அறிவித்தார்கள். இதை யோசித்தவர்கள் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் வரிசையில் வந்து நின்று பார்க்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் விடிவதற்கு முன்பே வந்து இடம் பிடித்தவர், படிவத்தை நீலப் பேனாவில் அழகாக நிரப்பி, ஆதார் அட்டையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் வைத்திருந்தார். அவர் முறை வந்தது. ஓடிபி சொல்லுங்க என்றார் உள்ளே இருந்தவர். படிவத்தில் எழுதியிருந்த போன் நம்பர் பெரியவருடைய மகனுடையது, மகனோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருக்கிறார், உள்ளே போனை எடுக்க விடமாட்டார்களாம். ஒரு தடவை அடித்தார், மறுபடி அடித்தார், பின்னால் இருந்த எங்களுக்குப் பதற்றம், யாரோ சத்தமும் போட்டார்கள். பெரியவர் தானாகவே ஓரமாக நகர்ந்து நின்றுவிட்டார். மகன் திரும்பக் கூப்பிட்டபோது அந்த வண்டியில் வெயிட்டிங் லிஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டரில் இருந்தவர் மேல் குற்றமில்லை, அவர் கையில் இருப்பது அந்த ஒரு கட்டம் மட்டும்தான், அதில் ஆறு இலக்கம் விழுந்தால்தான் அடுத்த பக்கமே திறக்கும்.

இத்தனைக்கும் ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் அரிசி தருகிறார்கள். அதே இயந்திரத்தை முன்பதிவு கவுண்டரில் வைப்பதில் என்ன கஷ்டம்? ஆள் நேரில் நிற்கிறார், விரல் இருக்கிறது, அட்டை இருக்கிறது. எதிரில் நிற்கிற மனிதரை நம்பாமல் எங்கோ இருக்கும் போனை நம்புவது எனக்குப் புரியவில்லை. ஏஜெண்டைத் தடுக்கப் போட்ட வேலியில் மாட்டிக்கொண்டது, ஏஜெண்டிடம் போக விரும்பாமல் வரிசையில் நின்ற ஆள்.

சார்ட் விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி. முன்பெல்லாம் வண்டி கிளம்ப நாலு மணி நேரத்துக்கு முன்புதான் சார்ட் போடுவார்கள். ராத்திரி ஒன்பது மணி வண்டி என்றால் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லை என்று ஆனபிறகு கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் ஓடினால் அரசு பஸ்ஸில் இடம் இருக்காது, ஆம்னி பஸ்ஸில் கேட்கிற கட்டணத்தைக் கொடுக்க மனசும் பையும் இடம் கொடுக்காது. 2025 ஜூலையில் குறைந்தது எட்டு மணி நேரத்துக்கு முன்னதாகவே சார்ட் போட ஆரம்பித்தார்கள், மதியம் இரண்டு மணிக்கு முன் கிளம்பும் வண்டிகளுக்கு முந்தின நாள் ராத்திரியே என்றும் சொன்னார்கள். காலை மதுரையிலிருந்து வைகையில் போக வேண்டியவருக்கு ராத்திரி தூங்கப் போகும் முன்பே விஷயம் தெரிந்துவிடுகிறது. இதற்காகப் பணம் எதுவும் பெரிதாகச் செலவானதாகத் தெரியவில்லை, பயணியின் இடத்தில் நின்று ஒருவர் யோசித்திருக்கிறார், அவ்வளவுதான். அதே மனசு மற்ற இடங்களிலும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது பெட்டிக்குள் வருவோம். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

அறுபது நாளுக்கு முன் அலாரம் வைத்து எழுந்து, ஆதார் காட்டி, ஓடிபி போட்டு, பணம் கட்டி, எஸ்6இல் 20ஆம் நம்பர் லோயர் பெர்த் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஏறுகிறோம். 20இல் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், கால் வைக்கிற இடத்தில் சாக்குப் பை, கழிவறைக்கு முன்னால் இருக்கும் இடத்தில் ஒரு குடும்பமே படுத்திருக்கிறது. நம்ம சீட் இது என்றால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். கொஞ்சம். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுவேன் சார் என்பார்கள், அந்த அடுத்த ஸ்டேஷன் வரவே வராது. பத்து மணிக்கு மிடில் பெர்த்காரர் தூக்கி மாட்ட வேண்டும், கீழே இவர்கள் எழுந்தால்தானே மாட்ட முடியும்? டிடிஆர் எங்கே என்று தேடினால் அவர் நாலு பெட்டி தள்ளி இருக்கிறார். அவருக்கும் ஒரே ஆளாகப் பல பெட்டி, வரும்போது பதினொன்றரை ஆகிவிடும், வந்தாலும் எழுந்திருங்க என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். அவர் தலை மறைந்ததும் பழையபடி. பெண் பிள்ளைகள் தனியாகப் போகும்போது பெட்டியில் இப்படிக் கூட்டம் நின்றால், ராத்திரி முழுக்க அவர்கள் கழிவறைக்குக்கூட எழுந்து போக யோசிக்கிறார்கள். இதை என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 155ஆம் பிரிவு, இன்னொருவருக்கு ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஊழியர் சொல்லியும் எழுந்திருக்காதவரை அப்புறப்படுத்தலாம், 500 ரூபாய் வரை அபராதமும் போடலாம் என்கிறது. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏறக்கூடாது என்பதும் இருக்கிற விதிதான், 2025 மே மாதத்திலிருந்து கறாராக அமல்படுத்தப் போகிறோம் என்று பெரிய செய்தியாகவே வந்தது. இணையத்தில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட் சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிவிடும். கவுண்டரில் எடுத்ததோ காகிதமாகக் கையில் இருக்கும், அதை வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். டிக்கெட்தான் இருக்கிறதே என்பார்கள். அவர்கள் பணம் கட்டியதும் உண்மைதான். அப்படியென்றால் அந்தக் காகிதத்தையும் சார்ட் போட்ட உடனேயே செல்லாது என்று போனில் சொல்லி, பணத்தை அருகில் இருக்கிற எந்த ஸ்டேஷனிலும் அலைச்சல் இல்லாமல் திருப்பிக் கொடுத்தால், பாதிப் பேர் ஏறவே மாட்டார்கள். கையில் காகிதமும் இருந்து, பணம் எப்போது வரும் என்றும் தெரியாவிட்டால், யாராக இருந்தாலும் ஏறித்தான் பார்ப்பார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பொது டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறுபவர்களைத் திட்டி நிறையப் பேர் எழுதுகிறார்கள், அதிலும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் என்றால் வார்த்தைகள் தடித்துவிடுகின்றன. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு நாள் பயணம் போகிற வண்டியில் விரல் விட்டு எண்ணுகிற மாதிரி பொதுப் பெட்டிகளை வைத்துவிட்டு, எண்ணிக்கைக் கட்டுப்பாடே இல்லாமல் பொது டிக்கெட்டை விற்றால் அவர்கள் எங்கே நிற்பார்கள்? படியில் தொங்கிக்கொண்டு உயிரை விடவா? நம்மூர்ப் பிள்ளைகளும் தீபாவளிக்கு முந்தின நாள் இப்படித்தான் ஏறுகிறார்கள். சண்டை எனக்கும் அவருக்கும் கிடையாது. எங்கள் இரண்டு பேரிடமும் பணம் வாங்கிக்கொண்டு ஒரே பலகையில் உட்கார வைத்தவர்களிடம்தான் நான் கேட்கிறேன். பொதுப் பெட்டியைக் கூட்டாமல் ஸ்லீப்பரில் கண்டிப்பு காட்டினாலும் அது நிற்காது.

ஆர்ஏசி, அதாவது படுக்கை உறுதியாகாமல் உட்கார மட்டும் இடம் தருகிற டிக்கெட் பற்றியும் எழுத வேண்டும். பக்கவாட்டு லோயர் பெர்த்தில் இரண்டு பேர். 23ஆம் நம்பரில் நானும், முன்பின் தெரியாத இன்னொருவரும், ஜன்னல் பலகையில் முதுகைச் சாய்த்து எதிரெதிரே காலை மடக்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம், நடைபாதையில் போகிற ஒவ்வொருவருடைய பையும் முழங்காலில் இடிக்கிறது. முழு பெர்த்துக்கு எவ்வளவு கட்டணமோ அதே கட்டணம்தான் இரண்டு பேரிடமும். ஒரு பெர்த்தை இரண்டு முறை விற்றிருக்கிறார்கள். அவசரத்துக்கு உட்காரவாவது இடம் கிடைக்கிறதே என்று ஆர்ஏசியை ஆதரிப்பவர்கள் உண்டு, நானும் அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. கடைசி வரை பெர்த் கிடைக்காமல் இறங்குகிறவருக்குக் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன். கிடைத்தது யாருக்கு, கிடைக்காதது யாருக்கு என்பதெல்லாம் டிடிஆர் கையில் இருக்கிற கருவியிலேயே பதிவாகிறது, யாரும் மனு எழுதிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

லோயர் பெர்த்தில் இன்னொரு சிக்கல், இது நிறையப் பேருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். ஸ்லீப்பரில் பெட்டிக்கு ஆறேழு லோயர் பெர்த் மூத்த குடிமக்களுக்கும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவரோடோ போனால்தான் உண்டு. எழுபது வயது அம்மாவைத் துணைக்கு ஆளில்லாமல் அனுப்பக் கூடாது என்று மகன் தன் பெயரையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் ஒதுக்கீடு போய்விடும், அம்மாவுக்கு அப்பர் பெர்த்கூட விழலாம். பாசமாகக் கூடப் போகிறவனுக்கு இந்தத் தண்டனை. விவரம் தெரிந்தவர்கள் அம்மாவுக்குத் தனி டிக்கெட், தனக்குத் தனி டிக்கெட் என்று எடுக்கிறார்கள், அப்புறம் இரண்டு பேரும் வேறு வேறு பெட்டியில். விவரம் தெரியாதவர்கள் வண்டியில் ஏறி, லோயரில் இருக்கிற ஒரு இளைஞரிடம் தம்பி கொஞ்சம் மாத்திக்கிறியாப்பா என்று கெஞ்சுகிறார்கள். பெரும்பாலும் மாற்றிக் கொடுக்கிறார்கள், நம் மக்கள் அதில் நல்லவர்கள். ஆனால் அந்தப் பையனும் காலில் ஆபரேஷன் செய்துகொண்டு லோயர் வேண்டும் என்றே எடுத்திருக்கலாம், அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு மேலே ஏறுவான். கணினியில் ஒரே டிக்கெட்டுக்குள் வயதைப் பார்த்து ஒருவருக்கு மட்டும் அந்த ஒதுக்கீட்டிலிருந்து கொடுத்து மற்றவரை அருகில் போடுவது இவ்வளவு பெரிய அமைப்புக்கு முடியாத காரியமா? 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையைத்தான் இன்னும் தரவில்லை, படுக்க இடத்தையாவது ஒழுங்காகக் கொடுக்கலாம்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். டிடிஆர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கையில் கருவி கொடுத்தாகிவிட்டது, காலி பெர்த் உடனுக்குடன் தெரிகிறது, ஆனால் ஆளே இல்லாமல் கருவி மட்டும் எப்படிப் பெட்டி பெட்டியாக நடக்கும்? அடுத்தது புகார். ரயில்வே உதவி எண் 139க்கு அடித்தாலோ, ரயில்வேயின் ரெயில் மதத் புகார் செயலியில் போட்டாலோ, புகார் எண் ஒன்று வருகிறது, கொஞ்ச நேரத்தில் பிரச்சினை தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தியும் வந்துவிடுகிறது, என் சீட்டில் உட்கார்ந்தவர் மட்டும் அப்படியே இருக்கிறார். புகார் கொடுத்த பயணி ஆமாம், எனக்கு இடம் கிடைத்தது என்று உறுதி செய்த பிறகுதான் அந்தப் புகாரை முடிக்க வேண்டும். ஆதாருக்கு ஓடிபி கேட்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கும் ஒரு ஓடிபி கேட்கத் தெரியாதா?

பணம் திருப்பித் தரும் விதியும் வேண்டும். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் போகாதவருக்கு முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் என்று தெளிவாக ஒரு விதி இருக்கிறது. ஒதுக்கிய பெர்த்தில் படுக்கவே முடியாமல் விடிய விடிய நின்றவருக்கும் அதே மாதிரி தெளிவான ஒன்று இருக்க வேண்டும். இந்த மாதிரி வழக்குகளில் இழப்பீடு கொடுக்கச் சொல்லி நுகர்வோர் ஆணையங்கள் உத்தரவு போட்டிருக்கின்றன. ஆனால் ஒரு ராத்திரி தூக்கம் போனதற்கு எத்தனை பேர் வருஷக்கணக்கில் ஆணையத்துக்கு நடப்பார்கள்? ரயில்வேக்கே பணம் போகிறது என்ற நிலை வந்தால்தான் ஆள் போடுவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதெல்லாம் ஒரே நாளில் நாடு முழுக்க நடக்காது, தெரியும். ஆகவே தெற்கு ரயில்வேக்கு உங்கள் நாளிதழ் மூலமாக ஒரு சின்னக் கோரிக்கை. வரும் பொங்கலுக்கு எழும்பூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் தெற்கே போகிற ராத்திரி வண்டிகளில் மட்டுமாவது, ஒரு வாரத்துக்கு, ஒவ்வொரு ஸ்லீப்பர் பெட்டி வாசலிலும் ஒரு ஊழியரை நிறுத்துங்கள். டிக்கெட்டைப் பார்த்து ஏற்றட்டும், விழுப்புரம் தாண்டும் வரை பெட்டியிலேயே இருக்கட்டும், ரயில்வே பாதுகாப்புப் படையினர் துணைக்கு வரட்டும். பொது டிக்கெட்காரர்களுக்கு அதே வண்டியில் கூடுதலாக இரண்டு பெட்டி சேர்க்க முடிந்தால் சேருங்கள், முடியாவிட்டால் பின்னாலேயே ஒரு முன்பதிவில்லாத வண்டி விடுங்கள், அந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த பிளாட்பாரத்தில் என்பதை முந்தின நாளே அறிவியுங்கள், கடைசி நிமிடத்தில் சொன்னால் யாருக்கும் பயன்படாது.

இப்படிக்கு,
ரயிலில் ஊருக்குப் போய் வரும் வாசகர் ஒருவர்,
மதுரை.